அழகம்மாவின் இங்கிலீஷ்

1978ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி போல, வன்னி நிலத்து விசுவமடுவில் அழகம்மா என்பவர் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னதில் கிணற்றுக்குத் தண்ணீர் வந்தது. அதுவரை அது கிணறு அல்ல, வெறும் குழி. இருபத்தெட்டு முழம் தோண்டியாகிவிட்டது. கடைசி நான்கு முழம் கருங்கல்லாகப் போய், இரும்பு அலவாங்கு மூன்று தரம் வளைந்து, அவருடைய கணவர் வீரையா அடியில் நின்று மேலே பார்த்து "ஒண்ணுமில்ல" என்று கத்திய பிறகுதான் அழகம்மா அந்தச் சொல்லைச் சொன்னார். தண்ணீர் முதலில் வீரையாவின் கணுக்காலை நனைத்தது. அவர் அலவாங்கைக் கயிற்றில் கட்டி முடிப்பதற்குள் முழங்காலுக்கு வந்தது. ஏறத் தொடங்கியபோது இடுப்புக்கு வந்து, பாதி வழிவரை தானே அவரைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டது. அந்தக் கிழமை செத்தல் மிளகாய் விலை மறுபடியும் இறங்கியிருந்தது. கொழும்பில் வெளிநாட்டு மிளகாய் கப்பல் கப்பலாக வந்து குவிகிறதென்று கதை. ஊருக்குப் பேசிக்கொள்ள அது இருந்தபடியால் தண்ணீர் வந்த செய்தி வியாழக்கிழமைதான் சந்தைக்கு எட்டியது.

அழகம்மாவும் வீரையாவும் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். பதினாறு வயதில் அழகம்மாவைப் பங்களாக் குசினிக்கு எடுத்தார்கள். பதினெட்டு வருடம் வெள்ளைக்காரத் துரைசாணிக்குப் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவியும் மேசை துடைத்தும் அவர் பிடித்துக்கொண்ட ஆங்கிலம் மொத்தம் ஒரு சொல். அது போதுமாகவும் இருந்தது. துரைசாணியும் பெரும்பாலும் அதைத்தான் சொன்னார். விருந்தாளி வந்து இறங்கினால் 'வெல்!' புடிங் சரிந்து விழுந்தால் ஒரு பெருமூச்சோடு 'வெல்...' துரை கிளப்பிலிருந்து பிந்தி வந்தால் வாய் திறக்காமல் மூக்காலேயே ஒரு 'வெல்'. மழை விட்டால் ஒரு மாதிரி, விடாவிட்டால் வேறு மாதிரி. அழகம்மா ஒன்பது வகை எண்ணி வைத்திருந்தார். பொருள் ஒன்றுக்கும் தெரியாது, ராகம் எல்லாம் தெரியும். 1971இல் துரையும் துரைசாணியும் சீமைக்குப் போனார்கள். அழகம்மா கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போனார். 1977 ஆவணிக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். உடுத்த துணியோடு மூன்று நாள் காட்டில் கிடந்துவிட்டு, ரயிலில் வவுனியாவுக்கும் அங்கிருந்து லொறியில் விசுவமடுவுக்கும் வந்து, ஒரு ஏக்கர் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். மலையில் தண்ணீர் பீலியில் தானாக விழும். கிணறு என்கிற சாமானை இருவரும் வன்னிக்கு வந்துதான் முதன்முதலாக எட்டிப் பார்த்தார்கள்.

ஆகவே அன்று குழியின் விளிம்பில் உட்கார்ந்து அழகம்மா சொன்னது மந்திரமல்ல. ஒரு வருட உழைப்பு சரிந்து கிடந்தது. புடிங் சரிந்தபோது துரைசாணி சொன்னது வாயில் வந்தது. அவ்வளவுதான். தண்ணீர்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது.

ஊரில் முதலில் வந்து விசாரித்தவர் ஏரம்பு. யாழ்ப்பாணத்திலிருந்து மிளகாய்ச் செய்கைக்கென்று வந்து, இரண்டு ஏக்கரோடும் வற்றிய கிணறு ஒன்றோடும் இருந்தவர். அவருக்கு இதில் மர்மம் எதுவும் தெரியவில்லை. "வெல் எண்டால் வெல்லு, செயி எண்டுதானே? மண்ணைப் பாத்து வெல்லு எண்டு சொல்லுறா, மண் வெல்லுது. இதிலை என்ன கிடக்கு?" என்று சந்தையில் விளக்கம் சொல்லிவிட்டு, அழகம்மாவைத் தன் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் வந்தது. அதன் பிறகு இரண்டு வருடத்தில் அழகம்மா இருபத்து மூன்று கிணறுகளுக்குச் சொன்னார். விருந்தாளி ராகத்தில் சொன்னால் தண்ணீர் இளநீர் போல இருந்தது. துரை பிந்தி வந்த ராகம் கலங்கலும் சற்று உவர்ப்புமாகக் கொடுத்தது. ஆனால் வெங்காயத்துக்கு அதுவே நல்லதென்று கண்டாவளைக்காரர் விரும்பிக் கேட்டார்கள். மழை விட்ட ராகம் மெதுவாக ஊறும், ஆனால் வற்றாது. ஒட்டுசுட்டானில் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார்; தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்து ஓடி, அந்தச் சத்தத்துக்குக் காட்டிலிருந்து பதினொரு யானைகள் வந்து வரிசையில் நின்று குடித்தன. முல்லைத்தீவு பஸ் அன்று ஒரு மணித்தியாலம் பிந்தியது. சொன்னதற்குக் கைக்கூலியென்று அழகம்மா எதுவும் கேட்டதில்லை. பூசணிக்காய் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். கொடுக்காதவர்களுக்கும் தண்ணீர் அதே அளவுதான் நின்றது.

இந்தச் செய்தி ஐயாத்துரையின் காதுக்கு வந்தபோது அவருக்குக் கோபம் வந்தது. ஐயாத்துரை கொழும்பில் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விசுவமடுவில் மூன்று ஏக்கரும், சீமெந்தால் கட்டிய நல்ல ஆழக் கிணறும், இரண்டு பெரிய புத்தகங்களாகக் கட்டிய ஓர் ஆங்கில அகராதியும் வைத்திருந்தார். நாடு விட்டுப் போன ஒரு பறங்கிக் குடும்பத்தின் ஏலத்தில் எடுத்த அகராதி அது. ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து எந்த வழியால் வந்ததென்று அதில் இருக்கும். தண்ணீர் வந்தது அவருக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. அழகம்மா அதை 'வெல்லு' என்று உகரம் போட்டுச் சொல்கிறார் என்பதுதான் பிரச்சினை. திருத்திவிடலாமென்று புறப்பட்டவர், போகுமுன் எதற்கும் ஒரு தரம் பார்ப்போமென்று அகராதியைத் திறந்தார். பதினொரு நாள் எழும்பவில்லை. மனைவி பத்மாசனி சாப்பாட்டைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் அவர் அழகம்மாவின் குடிசைக்கு வந்து, பாலை மரத்து நிழலில் நின்றபடியே ஒரு மணித்தியாலம் பேசினார். ஆங்கிலத்தில் கிணற்றுக்குப் பெயரே வெல்தான் என்றார். அந்தச் சொல் ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குப் போகுமுன்னரே அவர்களுடைய முன்னோர் பேசிய பழைய ஜெர்மானிய மொழியில் கொதித்தல், பொங்குதல், உருளுதல் என்ற பொருளில் இருந்தது. ஜெர்மன்காரன் இன்றைக்கும் அலையை 'வெல்ல' என்கிறான். கண்ணில் நீர் முட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல். துரைசாணி சொன்னது வேறொரு வெல். நல்லது, நலம் என்று பொருள். அதுவும் ஜெர்மானியச் சொல்தான், ஆனால் வேர் வேறு. அது விருப்பம் என்ற சொல்லோடு கூடப் பிறந்தது. ஒல்லாந்துக்காரனிடமும் இரண்டும் இருக்கின்றன, இரண்டும் ஒரே சத்தம். ஆயிரம் வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்து இரண்டும் ஒரே முகமாகப் போய்விட்டன. ஐயாத்துரைக்குச் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது.

அழகம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப தொரைசாணி அம்புட்டு நாளும் கெணறு கெணறுன்னா சொல்லிக்கிட்டு இருந்திச்சுங்க?" என்றார்.

"இல்லை, அவா சொன்னது மற்றது."

"அப்ப தண்ணிக்குத்தான் வெளங்கல போலிருக்குங்க."

ஐயாத்துரைக்கு அது சரியாகவும் இருக்கலாமென்று பட்டது. வீட்டுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, தன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, கொழும்பில் படித்த உச்சரிப்பில், உகரம் இல்லாமல், மிகச் சுத்தமாக 'வெல்' என்றார். கிணற்றுக்குள் இருந்த தவளை ஒன்று படிப்படியாகத் தாவி மேலே வந்து, அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, வயலுக்குள் போய்விட்டது. நீர்மட்டம் அசையவில்லை.

1980ஆம் ஆண்டு மாரி பொய்த்தது. தைப்பொங்கலுக்குப் புதிர் எடுக்கப் புது நெல் இல்லை. குளத்தின் அடி வெடித்து அதற்குள் மாடு படுத்தது. மாசியில் ஒவ்வொரு கிணறாகத் தாழ்ந்தது. அழகம்மா போய்ச் சொல்லச் சொல்ல ஓரளவு தாங்கிக்கொண்டு நின்றன. ஆனால் கிழக்கு வரிசையில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஐயாத்துரையின் கிணறு ஒன்றுதான். அதில் ஒரு நடைமுறை இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் தாங்களே அள்ளுவார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடத்தைக் கொண்டுவந்து மூன்று பாகம், பதினெட்டு அடி போல, தள்ளி வைத்துவிட்டு நிற்க வேண்டும். பத்மாசனி தன் கையால் அள்ளி, உயரத்திலிருந்து ஊற்றுவார். கயிற்றை அவர்கள் தொடுவதில்லை. பத்மாசனி ஒரு நாளும் இல்லையென்று சொன்னவரல்ல. குடம் நிறைய, சிந்தாமல்தான் ஊற்றினார். அப்படித்தான் தாயும் செய்தார், அது ஒரு பிழையென்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை. அந்தக் கிணறு பங்குனி முதல் கிழமையில் அடியை நெருங்கியது. நாலு முழத் தண்ணீர், அதுவும் சேறு. அதே கிழமை மகள் விமலேஸ்வரி முதல் பிள்ளைப்பேற்றுக்கென்று வயிறும் பையுமாகப் பரந்தன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அழகம்மாவைக் கூட்டிவர ஆள் போனது. வந்தார். பன்னிரண்டு குடும்பமும் கூடி நின்றது. அவர் கிணற்றுக்கட்டை நோக்கி நடந்தபோது பத்மாசனி வழக்கம்போல, யோசிக்காமலே, "அதிலை நில், அதிலை நிண்டு சொல்லு" என்று மூன்று பாகம் தள்ளிக் கைகாட்டினார். அழகம்மா நின்றார். அவரும் யோசிக்கவில்லை, அங்கே நிற்பது அவருக்கும் வழக்கம்தான். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடென்று விருந்தாளி ராகத்தை எடுத்தார். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது அது அல்ல. ஒன்பதில் ஒன்றுகூட அல்ல. அவர் இதுவரை எந்தக் கிணற்றுக்கும் சொல்லாத பத்தாவது ஒன்று, சின்னதாக, நுனி வெட்டுப்பட்டு வந்தது. கிணற்றுக்குள் இருந்த நாலு முழம் இரண்டு முழமாகியது. அழகம்மா பதறிப்போய் இன்னொரு தரம் சொன்னார். மீதி இரண்டு முழமும், வடிதட்டில் கஞ்சி வடிவதுபோல ஒரு சத்தத்தோடு, கல்லுக்குள் இறங்கியது. உள்ளே விட்டிருந்த மிசின் குழாய் காற்றை உறிஞ்சி இருமியது.

"வேணுமெண்டு செய்யிறாள்" என்று யாரோ சொன்னார்கள். "தோட்டத்து ஆக்களைக் கிணத்தடிக்கு எடுத்தால் இப்பிடித்தான்" என்றும் சொன்னார்கள். வீரையா முன்னுக்கு வந்து, "எம் பொஞ்சாதிய ஒருத்தரும் பேசப்படாது" என்றார்.  அழகம்மா நேரே வீட்டுக்குப் போய்த் தங்கள் கிணற்றுக்குள் சொல்லிப் பார்த்தார். அதே பத்தாவதுதான் வந்தது, அங்கேயும் ஒரு முழம் தாழ்ந்தது. உடனே வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ஒன்பது நாள் அவர் அந்தச் சொல்லை மட்டுமல்ல, வேறெந்தச் சொல்லையும் பேசவில்லை. எது எந்தத் தண்ணீரை இறக்குமோ என்று பயம். கிழக்கு வரிசைப் பெண்கள் மூன்று கட்டைத் தூரம் நடந்து ஏரம்புவின் கிணற்றில் அள்ளினார்கள். மிளகாய்க் கன்று கருகியது. விமலேஸ்வரிக்குக் கால் வீங்கியது. ஆசுபத்திரி மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை இந்தக் கிழமை, வீட்டில் கொதிக்க வைக்க ஐந்தாறு குடம் தண்ணீராவது இருக்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

ஐயாத்துரை மறுபடி அகராதிக்குள் போனார். இம்முறை ஒரு நாளில் வெளியே வந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: "இஞ்சேரும் பத்மா. அந்தச் சொல்லுக்கு வேர் விருப்பம். விருப்பமில்லாத இடத்திலை அது நிக்காது. பிழை உச்சரிப்பிலை இல்லை."

"அவளுக்கு விருப்பமில்லையெண்டால் நான் என்ன செய்யிறது?"

"விருப்பம் அவவுக்கு எண்டு புத்தகத்திலை இல்லை. ஆருக்கு எண்டு போடேல்லை."

பத்மாசனி குழம்புச் சட்டியை மூடினார். "நான் என்ன குறை விட்டனான்? கேட்ட நேரமெல்லாம் தண்ணி குடுத்தனான்தானே? என்ர கையாலை அள்ளி அள்ளிக் குடுத்தனான்தானே?" என்றார். ஐயாத்துரை சோற்றைப் பிசைந்தார். அகராதியில் அதற்குப் பதில் இருக்கவில்லை. பத்மாசனி மேலும் இரண்டு தரம் அதே கேள்வியைக் கேட்டார். இரண்டாம் தரம் குசினிக்குள் யாரும் இல்லாதபோது கேட்டார்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அவர் வெறுங்கையோடு புறப்பட்டு, மூன்று வருடத்தில் முதல் தரமாக அழகம்மாவின் குடிசைக்குப் போனார். அழகம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, தள்ளி நின்றார். பத்மாசனி எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்தார். பிறகு, "என்ன நடந்தது? எனக்குச் சொல்லுங்கோ" என்றார். 'சொல்லு' என்றல்ல, 'சொல்லுங்கோ' என்று வந்ததை இருவரும் கவனித்தார்கள். ஒன்பது நாள் பேசாமல் இருந்த அழகம்மாவுக்கு அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

"கோவத்துல சொல்லலீங்கம்மா. சாமி சத்தியமா நல்லதத்தான் சொல்ல வந்தேன். வாய்க்குள்ள அது மாறிப்போச்சு. அது தொரைசாணி கடைசியா சொன்னதுங்க. ஊருக்குப் போற அன்னைக்கு, கார் வந்து நிக்குது. நான் குசினிப் படியில சட்டி கழுவிக்கிட்டு இருக்கேன். அது எறங்கி வந்து என் முன்னுக்கு நின்னு கைய நீட்டுச்சு. தொரைமாருக்கு நீட்டுற மாதிரி. பதினெட்டு வருசமா அது என்னயத் தொட்டதில்லீங்க. அது புள்ளைக்கு அம்ம போட்டப்ப நான்தான் மடியில வச்சிருந்தேன், அப்பவும் சாமான எல்லாம் மேச மேல வச்சுட்டுப் போகும், நான் எடுத்துக்குவேன். அன்னைக்குக் கைய நீட்டுது. என் கையெல்லாம் ஈரம், கரி. சேலையில தொடச்சுக்கிட்டு நீட்டுறதுக்குள்ள 'வெல்'லுன்னு சொல்லிட்டுக் கைய எடுத்துக்கிச்சு. காரு போயிருச்சு. அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்துச்சோ. அன்னைக்குக் கிணத்தடியில நீங்க அங்க நில்லுன்னதும் அதுதாங்க வந்திருச்சு."

 மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் பழக்கம் பத்மாசனிக்கு இல்லை. அவருடைய குடும்பத்தில் யாருக்கும் இருந்ததாகத் தகவல் இல்லை. கடைசியில், "கையைத் தாங்கோ" என்றார். அழகம்மா கையைப் பார்த்தார். கீரைச்சாறு பச்சையாக ஒட்டியிருந்தது, துடைக்கப் போனார். "துடைக்க வேண்டாம்" என்று சொல்லி, மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். விசுவமடுவில் அந்த வழியில் பதினாறு வீடுகள். பதினாறு வாசல் படலைகளிலும் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். பத்மாசனி யாரையும் பார்க்கவில்லை. கையை விடவும் இல்லை. பாதி வழியில் அழகம்மாவுக்குச் செருப்பு அறுந்தது, அதையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஐயாத்துரை படலையைத் திறந்து விலகி நின்றார். பத்மாசனி அழகம்மாவை நேரே கிணற்றடிக்குக் கூட்டிப் போய், கட்டின் மேல் உட்கார வைத்து, கயிற்றை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

பிறகு ஏதோ சொல்ல வேண்டுமென்று நினைத்தார். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொல்ல வேண்டுமென்று அவருக்கு நெஞ்சுக்குள் தெரிந்தது, வாய்க்குள் தெரியவில்லை. தாய் சொல்லிக்கொடுத்த சொற்களில் அதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அழகம்மாவின் முகத்தைப் பார்த்தார். அழகம்மா இன்னும் வாயைத் திறக்கப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பத்மாசனியின் கண்ணில் நீர் முட்டியது. அவர், வாழ்நாளில் ஓர் ஆங்கிலச் சொல்லும் பேசியிராதவர், "வெல்லு..." என்றார்.

முதலில் அடியில் கல் உருளும் சத்தம் கேட்டது. பிறகு உலை கொதிப்பதுபோல ஒரு பொங்கல். பழைய ஜெர்மானியர் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் வைத்தார்களோ அதே பொருளில், அலை அலையாக, உருண்டு உருண்டு, தண்ணீர் மேலே வந்தது. வந்து, கட்டுக்கு ஒரு முழம் கீழே, அளந்து வைத்தாற்போல நின்றது. ஐயாத்துரை உகரத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அழகம்மா கயிற்றை இறக்கி, முதல் வாளியைத் தானே அள்ளிக் குடித்தார். நல்ல தண்ணீர் என்றார். இரண்டாவது வாளியைப் பத்மாசனிக்கு ஊற்றினார். பத்மாசனி கையை ஏந்திக் குடித்தார். மூன்றாவது வாளி உலைக்குப் போனது. வியாழக்கிழமை விமலேஸ்வரிக்குப் பெண் பிள்ளை பிறந்தது, ஏழு றாத்தல். அழகம்மாதான் குளிப்பாட்டினார்.

அதன் பின் அழகம்மாவுக்கு ஒன்பது ராகமும் திரும்பி வந்தன. ஆனால் வேலை குறைந்துவிட்டது. பத்மாசனிக்கு வந்தது மற்றவர்களுக்கும் வரத் தொடங்கியது. எல்லோருக்கும் அல்ல, எல்லா நேரமும் அல்ல. ஏரம்பு பத்து வருடம் பேசாதிருந்த தம்பியின் வளவுக்குப் போய்ப் படலையில் நின்று திணறியபோது, தம்பியின் கிணறு நிறைந்தது. பிரசங்கம் செய்பவர்கள் சொன்னால் ஒரு சொட்டும் வரவில்லை. 1982இல் ஐயாத்துரை அந்த அகராதியைப் போட்டவர்களுக்கு, இந்தச் சொல்லுக்கு வன்னிப் பகுதியில் மூன்றாவது பொருள் ஒன்று வழங்குகிறதென்று இருபத்தொரு பக்கக் கடிதம் எழுதினார். பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: தங்கள் அக்கறைக்கு நன்றி, அச்சில் வந்த சான்றுகள் போதவில்லை. அவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். 1983க்குப் பிறகு தெற்கிலிருந்து மறுபடி சனம் லொறிகளில் வந்தது, காடு வெட்டியது, கிணறு தோண்டியது. சண்டை வந்தது, ஹெலிகொப்டர் வந்தது. 1987இல் இந்திய இராணுவம் வந்து, ஊரில் ஒரு வருடம் நின்று, கிழக்கு வரிசையில் தண்ணீர் வாங்கிக் குடித்தது. கிணறுகள் தங்கள் பாட்டில் நின்றன. ஐயாத்துரை 1988 மாரியில், சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே காலமானார். செத்தவீட்டில் குடத்துக்குத் தண்ணீர் அள்ளியது அழகம்மா.

1989 பங்குனியில் குடிநீர்க் கிணறுகளைப் பதிவு செய்யக் கிளிநொச்சியிலிருந்து ஒரு பெடியன் சைக்கிளில் வந்தான். சேர்ட் பொக்கற்றில் இரண்டு பேனை. உத்தியோகத்துக்குப் புதிது. பத்மாசனியும் அழகம்மாவும் கிணற்றடியில் பாயில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் படிவத்தைக் கட்டின் மேல் விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டான். தோண்டிய வருடம், கட்டின் அகலம், எத்தனை குடும்பம் பாவிக்கிறது. முப்பத்து நாலு என்றார்கள். எல்லாரும் அள்ளுகினமோ என்று கேட்டான். எல்லாரும் என்றார்கள். பிறகு, தண்ணீர் பெற்ற முறை என்றொரு கட்டம் இருந்தது.

"வெடி வைச்சதோ, இல்லை குழாய் இறக்கினதோ, அம்மா?"

பத்மாசனி அழகம்மாவைப் பார்த்தார். அழகம்மா மிளகாயைப் புரட்டிப் போட்டார்.

"ரெண்டுமில்லைத் தம்பி" என்றார் பத்மாசனி. "கதைச்சது. நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சனாங்கள்."

அவன் ஒரு கணம் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து அந்த வரிசையில் ஐந்தாவது வீட்டில் இதே பதில். 'கதைத்தது' என்று கட்டத்துக்குள் எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனான்.

"ஆழம் எத்தினை முழம்?"